லைப்ரரி காணவில்லையா? பார்மட் செய்ய வேண்டாம்!

நேற்று வரை நன்றாக ஓடிய ஒரு புரோகிராம், லினக்ஸை அப்கிரேடு செய்த மறுநாள் திறக்க மறுக்கிறதா? ஐகானில் டபுள் கிளிக் செய்தால் மவுஸ் பாயின்டர் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளரும் அவர்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் உபுண்டு 20.04 வைத்திருந்தார். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டதால், 22.04-க்கு அப்கிரேடு செய்தார். எல்லாம் நன்றாக முடிந்தது. ஆனால் சங்கக் கணக்கு எழுதும் புரோகிராம் மட்டும் திறக்கவில்லை. அது ஒரு தனி நபர் எழுதி இலவசமாகக் கொடுத்த சாப்ட்வேர். கடைசிப் பதிப்பு 2019-ல் வந்தது. அதற்குப் பிறகு எழுதியவர் அதைத் தொடவே இல்லை.

"தம்பி, எட்டு வருஷத்துக் கணக்கு இதுலதான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. கடையில கேட்டா, பார்மட் பண்ணிட்டு எல்லாத்தையும் புதுசா போடணும்கிறாங்க" என்று லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், முதல்ல ஒரு பென் டிரைவ் குடுங்க. கணக்கு பைலைக் காப்பி எடுத்து வெச்சுட்டு மத்ததைப் பார்ப்போம்" என்றேன்.

அந்த லேப்டாப்பில் என்ன கோளாறு, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், பார்மட் செய்யாமல் எப்படிச் சரி செய்தோம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கட்டளைகளை அவற்றின் உச்சரிப்பிலேயே தமிழில் தந்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

ஷேர்டு லைப்ரரி என்பது என்ன?

ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. பைலைத் திறப்பது, படத்தைக் காட்டுவது, இன்டர்நெட்டில் பாதுகாப்பாகத் தகவல் அனுப்புவது போன்ற வேலைகள் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவானவை. இவற்றுக்கான குறிமுறைகளைத் தனித்தனி பைல்களில் எழுதி, ஒரு பொது இடத்தில் வைத்துவிடுகிறார்கள். தேவைப்படும் புரோகிராம்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்திக் கொள்ளும். இந்தப் பொது பைல்தான் ஷேர்டு லைப்ரரி. விண்டோஸில் இதே வேலையைச் செய்பவை டி.எல்.எல். பைல்கள். "இந்த டி.எல்.எல். காணவில்லை" என்ற செய்தியை விண்டோஸில் பார்க்காதவர்கள் குறைவு. லினக்ஸில் இந்த பைல்களின் பெயர் 'லிப்' என்று தொடங்கும். நடுவில் '.எஸ்ஓ' என்று வரும்.

இதில் இரண்டு லாபங்கள் உண்டு. ஒரே லைப்ரரி நூறு புரோகிராம்களுக்கு உதவுவதால் டிஸ்க்கிலும் மெமரியிலும் இடம் மிச்சம். இரண்டாவது லாபம் இன்னும் பெரியது. லைப்ரரியில் ஓட்டை இருந்தால், அந்த ஒரு பைலை மாற்றினால் போதும், அதைப் பகிர்ந்துகொள்ளும் எல்லாப் புரோகிராம்களும் சரியாகிவிடும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் வெளிப்பட்டது. டிஸ்ட்ரோக்கள் திருத்திய லைப்ரரியை அனுப்பின. அதை அப்டேட் செய்து, பயன்படுத்திய புரோகிராம்களை மறுபடி இயக்கியவுடன் ஓட்டை அடைபட்டது. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று ஒரு பிரதி வைத்திருந்தால், ஒவ்வொன்றையும் தேடித் தேடித் திருத்தியிருக்க வேண்டும்.

ஆனால் பொதுச் சொத்து என்றாலே தகராறும் உண்டு. லைப்ரரியை எழுதியவர்கள் அதை மாற்றி அமைத்தால், பழைய வடிவத்தை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் என்ன ஆகும்?

பெயரில் இருக்கும் எண்

இதற்கு விடை லைப்ரரியின் பெயரிலேயே இருக்கிறது. உபுண்டு 22.04-ல் தகவலைச் சுருக்க உதவும் இசட்லிப் லைப்ரரியின் பைல் பெயர் 'லிப்இசட்.எஸ்ஓ.1.2.11'. ஆனால் இதைப் பயன்படுத்தும் புரோகிராம்கள் இந்த முழுப் பெயரைக் கேட்பதில்லை. 'லிப்இசட்.எஸ்ஓ.1' என்று மட்டும்தான் கேட்கும். இந்தச் சுருக்கமான பெயருக்கு 'எஸ்ஓநேம்' என்று பெயர். லைப்ரரிக்குள்ளும் இது எழுதப்பட்டிருக்கும், அதைத் தேடும் புரோகிராமுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். போல்டரில் இந்தச் சுருக்கப் பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் இருக்கும். அது உண்மையான பைலைச் சுட்டிக் காட்டும்.

டவுன் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். 12-ம் நம்பர் பஸ்ஸுக்குப் புது வண்டி விட்டாலும், சீட் மாற்றினாலும், அது அதே ஊர்களின் வழியாகத்தான் போகும். நீங்கள் நம்பரைப் பார்த்து ஏறிவிடலாம். ரூட்டே மாறினால் என்ன செய்வார்கள்? வேறு நம்பர் கொடுத்துவிடுவார்கள். லைப்ரரியிலும் அப்படித்தான். உள்ளே பிழை திருத்தினாலும் வேகம் கூட்டினாலும் எஸ்ஓநேம் மாறாது. ஒரு பங்ஷனை நீக்கினாலோ, அதற்குக் கொடுக்க வேண்டிய விவரங்களின் அமைப்பை மாற்றினாலோ, எஸ்ஓநேமில் உள்ள எண்ணை மாற்ற வேண்டும் என்பது நடைமுறை.

எண் மாறினால் பைல் பெயரும் மாறிவிடுகிறது. பெயர் வேறு என்பதால் பழைய லைப்ரரியும் புதிய லைப்ரரியும் ஒரே போல்டரில் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். பழைய புரோகிராம் பழையதை எடுத்துக்கொள்ளும். புதிய புரோகிராம் புதியதை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டிஸ்ட்ரோக்கள் இப்படித்தான் பெரிய மாற்றங்களைக் கடந்து வந்திருக்கின்றன. 1997, 1998 ஆண்டுகளில் லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான லிப்சி, 5-ம் எண்ணிலிருந்து 6-ம் எண்ணுக்கு மாறியது. ரெட் ஹாட் 5.0 (1997), டெபியன் 2.0 (1998) ஆகியவை இந்த மாற்றத்தைச் செய்த பதிப்புகள். பழைய புரோகிராம்களுக்காக 5-ம் எண் லைப்ரரியும் கூடவே தரப்பட்டது. டெபியனில் இப்படிப்பட்ட பழைய லைப்ரரிகளுக்கென்றே 'ஓல்டுலிப்ஸ்' என்ற தனிப் பிரிவு உண்டு.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஐகானைக் கிளிக் செய்தால் பிழைச் செய்தி தெரியாது. டெர்மினலைத் திறந்து, புரோகிராம் உள்ள போல்டருக்குப் போய், அதை அங்கிருந்து இயக்குங்கள். வாத்தியாரின் புரோகிராம் 'கணக்கு' என்ற போல்டரில் 'கணக்கு' என்ற பெயரிலேயே இருந்தது. எனவே,

./கணக்கு

என்று டைப் செய்து என்டர் தட்டினோம். வரக்கூடிய செய்திகள் மூன்று வகை. எந்த வகை என்பதைப் பொறுத்து மருந்தும் மாறும்.

1. "எர்ரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று தொடங்கி, ஒரு லைப்ரரியின் பெயரைச் சொல்லி, "நோ சச் பைல் ஆர் டைரக்டரி" என்று முடியும் செய்தி. கேட்ட எஸ்ஓநேமில் லைப்ரரியே இல்லை என்று அர்த்தம்.

2. "வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் பவுண்ட்" என்பது போன்ற செய்தி. லைப்ரரி இருக்கிறது, ஆனால் அதற்குள் புரோகிராம் கேட்கும் பகுதி இல்லை. உங்கள் சிஸ்டம் பழையது, புரோகிராம் புதியது என்று அர்த்தம்.

3. பைல் கண் முன்னால் இருக்கும்போதே லைப்ரரி பெயர் எதுவும் சொல்லாமல் "நோ சச் பைல் ஆர் டைரக்டரி" என்று மட்டும் சொல்வது. இது பலரைக் குழப்பும். பெரும்பாலும் அது 32 பிட் புரோகிராமாக இருக்கும். அதை ஏற்றித் தரும் 32 பிட் லோடர் உங்கள் 64 பிட் சிஸ்டத்தில் இல்லை என்பதையே இப்படிச் சொல்கிறது. 'பைல்' என்ற கட்டளையோடு புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் அது 32 பிட்டா, 64 பிட்டா என்று தெரிந்துவிடும்.

வாத்தியாரின் லேப்டாப்பில் வந்தது முதல் வகை. காணாமல் போனது 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1'. ஒரு லைப்ரரி மட்டும்தான் இல்லையா, வேறு எதுவும் இல்லையா என்று பார்க்க,

எல்டிடி ./கணக்கு

என்று கொடுத்தோம். இந்தக் கட்டளை, புரோகிராம் கேட்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் ஒவ்வொரு வரியில் காட்டி, அது எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லும். கிடைக்காதவற்றுக்கு எதிரே "நாட் பவுண்ட்" என்று வரும். இரண்டு வரிகளில் அப்படி வந்தது. ஒன்று லிப்எஸ்எஸ்எல், இன்னொன்று லிப்கிரிப்டோ. இரண்டும் 1.1.

ஓர் எச்சரிக்கை. எல்டிடி சில நேரங்களில் புரோகிராமையே இயக்கிப் பார்த்துவிடும். நம்பிக்கை இல்லாத இடத்திலிருந்து வந்த பைலை இதைக் கொண்டு சோதிக்காதீர்கள். அதற்கு 'ஆப்ஜ்டம்ப் -பி' என்ற கட்டளை பாதுகாப்பானது. அது பைலைப் படித்து மட்டும் பார்க்கும். அதில் 'நீடட்' என்று தொடங்கும் வரிகளே தேவையான லைப்ரரிகள்.

அடுத்து, சிஸ்டத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்க்க,

எல்டிகான்பிக் -பி | கிரெப் லிப்எஸ்எஸ்எல்

என்று கொடுத்தோம். 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3' மட்டும் வந்தது. நோய் தெரிந்துவிட்டது.

என்னதான் நடந்தது?

ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 பதிப்பு 2021 செப்டம்பரில் வெளியானது. 1.1-க்கு எழுதப்பட்ட புரோகிராம்கள் அப்படியே இதில் ஓடா. எனவே எஸ்ஓநேமும் 1.1-லிருந்து 3 ஆனது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04, புதிய 3-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 1.1-ஐ விட்டுவிட்டது. உபுண்டுவின் சொந்தப் புரோகிராம்கள் எல்லாம் 3-க்காக மறுபடி கம்பைல் செய்யப்பட்டவை. அதனால் அவற்றுக்குச் சிக்கல் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து ஹோம் போல்டரில் வைத்த புரோகிராம்கள்தான் மாட்டிக்கொண்டன.

அப்கிரேடு முடியும்போது, இனித் தேவைப்படாத பழைய பேக்கேஜ்களை நீக்கிவிடலாமா என்று உபுண்டு கேட்கும். வாத்தியார் 'ஒய்' தட்டியிருந்தார். அதில் பழைய லைப்ரரியும் போய்விட்டது. உபுண்டு மீதும் தப்பில்லை. டெப் பேக்கேஜாக இன்ஸ்டால் செய்யாத புரோகிராம் எதை நம்பியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

செய்யவே கூடாதவை

இந்த நிலையில் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்கள்தான் கம்ப்யூட்டரைக் கெடுக்கின்றன.

பொய் லிங்க் போடாதீர்கள்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 இருக்கிறதே, அதற்கு 1.1 என்று ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டுவிட்டால் போதாதா என்று பலருக்குத் தோன்றும். 18-ம் நம்பர் பஸ்ஸில் 12 என்று போர்டு மாட்டினால் அது 12-ன் ரூட்டில் போகுமா? ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் நல்ல வேளையாக, உள்ளேயும் பதிப்புப் பெயர்கள் பதிந்திருக்கும். "வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் பவுண்ட்" என்று சொல்லிப் புரோகிராம் நின்றுவிடும். அப்படிப் பதியாத லைப்ரரிகளும் உண்டு. அவற்றில் புரோகிராம் திறந்தே விடும். பிறகு பாதியில் நின்று போகலாம், அல்லது சத்தமில்லாமல் தப்பான விவரத்தை பைலில் எழுதலாம். கணக்கு புரோகிராமில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லிப்சி லைப்ரரியைக் கையால் மாற்றாதீர்கள்: இது என் சொந்த அனுபவம். பழைய உபுண்டு 20.04-ல் ஒரு புதிய புரோகிராமை இயக்கப் பார்த்தேன். ஜிலிப்சி 2.34 வேண்டும் என்றது. என்னிடம் இருந்தது 2.31. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து புதிய 'லிப்சி.எஸ்ஓ.6' பைலைக் கொண்டுவந்து பழையதன் மேலேயே காப்பி செய்தேன். அடுத்த நொடியிலிருந்து எந்தக் கட்டளையும் வேலை செய்யவில்லை. பைல் பட்டியலைக் காட்டும் கட்டளை, காப்பி செய்யும் கட்டளை, சுடோ எல்லாமே லிப்சியை நம்பி இருப்பவை. தப்பைத் திருத்துவதற்கான கருவிகளும் சேர்ந்தே போய்விட்டன. லிப்சியும் அதை ஏற்றித் தரும் லோடரும் ஒரே பதிப்பில் ஜோடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியதால் வந்த வினை அது.

அன்றும் பார்மட் செய்யவில்லை. உபுண்டு லைவ் யுஎஸ்பி போட்டு பூட் செய்தேன். ஹார்டு டிஸ்க்கை மவுன்ட் செய்தேன். 20.04-க்கு உரிய லிப்சி டெப் பைலை டவுன்லோடு செய்து, தனிப் போல்டரில் பிரித்து, சரியான பைலை அதன் பழைய இடத்தில் வைத்தேன். ரீபூட் செய்ததும் எல்லாம் திரும்பி வந்தது. ஹோம் போல்டரில் இருந்த ஒரு பைலுக்கும் சேதமில்லை. லைப்ரரி கெட்டால் புரோகிராம்கள்தான் ஓடாது, உங்கள் டாக்குமென்ட்களும் போட்டோக்களும் அப்படியேதான் இருக்கும். இதை மறக்காதீர்கள்.

கண்ட இடத்தில் டவுன்லோடு செய்யாதீர்கள்: லைப்ரரியின் பெயரைத் தேடினால் ஏதேதோ தளங்கள் வரும். லைப்ரரி என்பது உங்கள் புரோகிராமின் உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் பைல். அதில் விஷமம் இருந்தால் புரோகிராம் பார்க்கும் எல்லாவற்றையும் அதுவும் பார்க்கும். டிஸ்ட்ரோவின் அதிகாரபூர்வ தளத்தைத் தவிர வேறு எங்கும் எடுக்காதீர்கள்.

சரியான வழிகள்

வழி 1: டிஸ்ட்ரோவே தரும் பழைய லைப்ரரி. முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் பட்டியலில் பாருங்கள். உபுண்டு, டெபியன் என்றால் 'ஆப்ட் பாலிசி' என்று டைப் செய்து பக்கத்தில் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். பெடோரா, ரெட் ஹாட் வகை என்றால் 'டிஎன்எப் புரொவைட்ஸ்' கட்டளை, எந்தப் பேக்கேஜில் அந்த லைப்ரரி இருக்கிறது என்று சொல்லும். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-க்காக 'காம்பேட்-ஓப்பன்எஸ்எஸ்எல்11' என்ற பேக்கேஜ் உண்டு. 32 பிட் பிரச்சினை என்றால், டெபியன் வகைகளில் 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386' என்ற கட்டளையை சுடோவோடு கொடுத்து, 'ஆப்ட் அப்டேட்' செய்தபின், தேவையான 32 பிட் லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யலாம்.

பேக்கேஜ் பெயர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2024-ல் வந்த உபுண்டு 24.04-ல் பல லைப்ரரி பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று சேர்ந்திருக்கும். லிப்எஸ்எஸ்எல்3 இப்போது லிப்எஸ்எஸ்எல்3டி64. சில 32 பிட் கம்ப்யூட்டர்களில் 2038 ஜனவரி 19-க்கு மேல் தேதியை எண்ண முடியாமல் போகும் கோளாறைத் தீர்க்கச் செய்த மாற்றம் இது. பேக்கேஜ் பெயர்தான் வேறு, லைப்ரரி பைலின் பெயர் அதேதான்.

வழி 2: புரோகிராமின் புதிய பதிப்பு. எழுதியவர் புதிய லைப்ரரிக்கான பதிப்பை வெளியிட்டிருந்தால் அதுவே நல்லது. சோர்ஸ் கோடு கிடைத்தால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்யலாம். வாத்தியாருக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

வழி 3: புரோகிராமுக்கு மட்டும் ஒரு தனி போல்டர். நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். சிஸ்டத்தின் பொது போல்டரைத் தொடாமல், பழைய லைப்ரரியைப் புரோகிராமின் பக்கத்திலேயே வைத்துவிடுவது. படிகள் இவை:

- உபுண்டுவின் அதிகாரபூர்வ பேக்கேஜ் தளத்தில் 20.04 பகுதிக்குப் போய், லிப்எஸ்எஸ்எல்1.1 பேக்கேஜின் 64 பிட் டெப் பைலை டவுன்லோடு செய்தோம். இன்ஸ்டால் செய்யவில்லை.

- 'டிபிகேஜி-டெப் -எக்ஸ்' என்ற கட்டளையோடு டெப் பைலின் பெயரையும் ஒரு காலிப் போல்டரின் பெயரையும் கொடுத்தோம். பேக்கேஜில் உள்ளவை எல்லாம் அந்தப் போல்டரில் பிரிந்து விழுந்தன.

- கணக்கு போல்டருக்குள் 'பழசு' என்று ஒரு போல்டர் உருவாக்கி, பிரித்ததிலிருந்து லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 ஆகிய இரண்டு பைல்களை மட்டும் அதில் காப்பி செய்தோம்.

- டெக்ஸ்ட் எடிட்டரில் இரண்டு வரிகள் டைப் செய்து, 'திற' என்ற பெயரில் கணக்கு போல்டரிலேயே சேமித்தோம். லினக்ஸில் பைலுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். முதல் வரியில் ஹேஷ் குறி, ஆச்சரியக்குறி, அதை ஒட்டி /பின்/எஸ்ஹெச். இரண்டாவது வரி இது:

எல்டி_லைப்ரரி_பாத்=/ஹோம்/வாத்தியார்/கணக்கு/பழசு /ஹோம்/வாத்தியார்/கணக்கு/கணக்கு

சமக்குறிக்கு முன்னால் உள்ள பெயர் மட்டும் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. நடுவில் ஒரே ஓர் இடைவெளி. வாத்தியார் என்ற இடத்தில் உங்கள் யூசர் பெயர்.

- 'சிஹெச்மோட் +எக்ஸ் திற' என்று கொடுத்து அந்த பைலை இயங்கக்கூடியதாக மாற்றினோம். பிறகு './திற' என்று டைப் செய்து என்டர் தட்டினோம்.

கணக்கு புரோகிராம் திறந்தது. எட்டு வருட வரவு செலவும் திரையில் வந்து நின்றது. வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

இது எப்படி வேலை செய்கிறது? புரோகிராமைத் தொடங்கும்போது லினக்ஸ் லோடர் லைப்ரரியைச் சில இடங்களில் வரிசையாகத் தேடும். புரோகிராமுக்குள்ளேயே குறித்த போல்டர், எல்டி_லைப்ரரி_பாத்தில் சொன்ன போல்டர் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் சிஸ்டத்தின் பொதுப் பட்டியலுக்குப் போகும். நாம் சொன்ன போல்டரில் கிடைத்துவிட்டதால் அங்கேயே எடுத்துக்கொண்டது. மற்ற புரோகிராம்கள் வழக்கம்போல 3-ஐப் பயன்படுத்துகின்றன.

இந்த வரியை எக்காரணம் கொண்டும் '.பேஷ்ஆர்சி' பைலில் எழுதாதீர்கள். எழுதினால் டெர்மினலில் திறக்கும் எல்லாப் புரோகிராம்களும் முதலில் பழைய போல்டரைத்தான் எட்டிப் பார்க்கும். ஒரு வீட்டுக்கு வந்த பிரச்சினை தெரு முழுக்கப் பரவிவிடும். லிப்சி பைலையும் இப்படித் தனிப் போல்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன லோடர் ஜோடிப் பிரச்சினை இங்கேயும் வரும்.

வழி 4: எல்லாம் உள்ளேயே அடங்கிய பேக்கேஜ். பிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் ஆகியவை புரோகிராமோடு தேவையான லைப்ரரிகளையும் சேர்த்தே கொண்டுவருபவை. டிஸ்க்கில் கூடுதல் இடம் பிடிக்கும், ஆனால் சிஸ்டத்தின் லைப்ரரியோடு மோதாது. பிளாட்பேக்கும் ஸ்னாப்பும் தமக்கான அடிப்படை லைப்ரரிகளைத் தனியாக வைத்துக்கொள்ளும். ஆப்இமேஜ் வழக்கமாக உங்கள் சிஸ்டத்தின் லிப்சியையே பயன்படுத்தும். அதனால் மிகப் பழைய சிஸ்டத்தில் புதிய ஆப்இமேஜ் ஓடாமல் போகலாம்.

வழி 5: சிஸ்டத்துக்குள் இன்னொரு சிஸ்டம். 'ஜிலிப்சி நாட் பவுண்ட்' என்ற இரண்டாவது வகைச் செய்திக்குப் பாதுகாப்பான மருந்து இது. டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற கருவி, உங்கள் லினக்ஸுக்குள் வேறொரு டிஸ்ட்ரோவை ஒரு கன்டெய்னராக வைத்துக்கொள்ள உதவும். பழைய சிஸ்டத்தில் இருந்துகொண்டே புதிய உபுண்டுவின் லைப்ரரிகளோடு ஒரு புரோகிராமை இயக்கலாம். புதியதில் இருந்துகொண்டு பழையதையும் இயக்கலாம். உங்கள் ஹோம் போல்டர் இரண்டுக்கும் பொதுவாகத் தெரியும்.

இந்த இரண்டாவது வகைச் செய்தியில் ஏன் அடிக்கடி 2.34 என்ற எண்ணே வருகிறது என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-ல், புரோகிராமைத் தொடங்கி வைக்கும் பங்ஷனுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்தார்கள். எனவே அதிலோ அதற்குப் பிந்தையதிலோ கம்பைல் செய்த புரோகிராம் ஏறக்குறைய எதுவும் பழைய லிப்சியில் தொடங்கவே தொடங்காது. தலைகீழாகப் பார்த்தால் சிக்கல் இல்லை. பழைய லிப்சிக்காகச் செய்த புரோகிராம் புதிய லிப்சியில் ஓடும். உங்களிடம் எந்த எண் இருக்கிறது என்று பார்க்க 'எல்டிடி --வெர்ஷன்' கொடுங்கள். உபுண்டு 22.04-ல் 2.35, 24.04-ல் 2.39 இருக்கும்.

திறந்துவிட்டது, அதோடு விடலாமா?

கூடாது. தனி போல்டரில் வைத்த லைப்ரரியை உபுண்டு அப்டேட் செய்யாது. அது அப்படியே உறைந்து கிடக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ல் முடிந்துவிட்டது. நாளைக்கு ஹார்ட்பிளீட் போல ஒன்று வந்தால், சிஸ்டத்தின் லைப்ரரி திருந்தும், 'பழசு' போல்டரில் இருப்பது திருந்தாது. ஷேர்டு லைப்ரரியின் பெரிய லாபம் என்று ஆரம்பத்தில் சொன்னதை இந்த ஒரு புரோகிராமுக்கு நாம் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

அதனால் வாத்தியாரிடம் மூன்று விஷயங்கள் சொன்னேன். ஒன்று, இந்தப் புரோகிராம் இன்டர்நெட்டுக்குப் போகும் வசதியை அதன் செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள். இரண்டு, இப்போதே எல்லாக் கணக்கையும் சிஎஸ்வி பைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த வடிவத்தை லிப்ரே ஆபீஸ் கால்க் உட்பட எந்தக் கணக்குப் புரோகிராமும் படிக்கும். மூன்று, அடுத்த நிதியாண்டிலிருந்து ஆதரவு உள்ள வேறு புரோகிராமுக்கு மாறிவிடுங்கள். பழைய லைப்ரரி கைக்குச் சிக்கியது மாறுவதற்குக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான்.

அவர் அன்று இரவே சிஎஸ்வி எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் கணக்கு வாசித்தார். ஒரு ரூபாய் கூட உதைக்கவில்லை.

நினைவில் வைக்க

- எதையும் தொடும் முன் உங்கள் டேட்டாவைப் பென் டிரைவில் காப்பி எடுங்கள்.
- புரோகிராமை டெர்மினலில் இயக்கி, செய்தியை முழுதாகப் படியுங்கள்.
- எல்டிடி மூலம் என்னென்ன இல்லை என்று பட்டியல் எடுங்கள்.
- எஸ்ஓநேம் வேறு என்றால் லைப்ரரியும் வேறு. பொய் லிங்க் போடாதீர்கள்.
- லிப்சியைக் கையால் மாற்றவே மாற்றாதீர்கள்.
- முதலில் டிஸ்ட்ரோவின் பேக்கேஜ், இல்லையென்றால் புதிய பதிப்பு, அதுவும் இல்லையென்றால் தனிப் போல்டர் அல்லது கன்டெய்னர்.
- அப்கிரேடு முடிவில் பழைய பேக்கேஜ்களை நீக்கலாமா என்று கேட்டால், பட்டியலைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஒரு லைப்ரரி காணவில்லை என்பதற்காகக் கம்ப்யூட்டரையே துடைத்துப் போட வேண்டியதில்லை. அடுத்த முறை யாராவது "பார்மட் பண்ணிடலாம்" என்று சொன்னால், "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு எல்டிடி தட்டிப் பாருங்கள்.